உடம்பை ஒப்படைக்கும் வித்தை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், எங்கள் தெருவில் முதன்முதலாகக் கேபிள் இணைப்பு வாங்கிய வீட்டின் திண்ணையில் பையன்கள் கூட்டமாக உட்கார்ந்து, மல்யுத்த வீரர்களின் படம் போட்ட டிரம்ப் கார்டுகளைக் கையில் விசிறிபோல் பிடித்துக்கொண்டு, உயரம், எடை, மார்பளவு என்று கூவிக் கூவி ஒருவன் சீட்டை ஒருவன் பறித்துக்கொண்டிருந்த காலத்தில், எல்லோரும் ஆசைப்பட்டது ராட்சத சரீரம் படைத்தவர்களின் சீட்டுகளைத்தான். பிரெட் ஹார்ட்டின் சீட்டு வந்து சேர்ந்தவன் முகம் சற்றுச் சுருங்கிவிடும். ஏனெனில் அவருடைய உயரமும் எடையும் அந்த விளையாட்டில் பெரும்பாலும் தோற்கிற எண்களாகவே இருந்தன. ஆனாலும் சனி ஞாயிறுகளில் தொலைக்காட்சியின் முன் உட்காரும்போது, இளஞ்சிவப்பும் கறுப்பும் கலந்த உடையில், எண்ணெய் தடவியதுபோல் நனைந்து தொங்கும் கூந்தலோடு, கோதாவுக்குள் நுழையுமுன் தம் கண்ணாடியைக் கழற்றி முன்வரிசையில் நிற்கும் ஒரு குழந்தைக்கு மாட்டிவிட்டுச் செல்லும் அந்த மனிதரை எங்களில் யாருமே வெறுத்ததில்லை.

என் பெரியப்பா அந்தப் பக்கமாக வரும்போதெல்லாம், “இதெல்லாம் சுத்த நாடகம்டா, முன்னாடியே பேசி வச்சுக்கிட்டு அடிச்சுக்கிறான்” என்று சொல்லிவிட்டுப் போவார். நாங்கள் ரோஷத்தோடு மறுப்போம். நிஜமா பொய்யா என்ற அந்த வழக்கு எங்கள் தெருவில் தீர்ப்பாகாமலே கிடந்தது. நான் வளர்ந்து, வேலைக்குப் போய், பிரெட் ஹார்ட்டின் வாழ்க்கையைச் சிரத்தையோடு படித்த பிறகுதான் எனக்கென்று ஓர் அபிப்பிராயம் ஏற்பட்டது. பெரியப்பா சொன்னது சரி. அதே சமயம், விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர்ந்த அவருக்குத் துரியோதனன் படுகளத்தில் விழத்தான் போகிறான் என்பது முதல் ஜாமத்திலேயே தெரிந்திருந்தும் கடைசிவரை கண்ணிமைக்காமல் உட்கார்ந்திருந்தார் என்பதை அன்று அவரிடம் எடுத்துச் சொல்ல எங்களுக்கு வயது போதவில்லை.

இந்த வித்தையின் சூட்சுமத்தை அறியாதவர்களுக்காகச் சற்று விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன். யார் ஜயிப்பது, யார் தோற்பது என்பது முன்னமேயே நிச்சயிக்கப்பட்ட விஷயம். ஆனால் நூறு கிலோ எடையுள்ள ஒரு மனிதனைத் தலைக்குமேல் தூக்கி, மரப்பலகையின்மேல் மெல்லிய மெத்தை விரித்துத் துணி போர்த்திய தரையில் முதுகுபட அடிப்பதென்பது நிஜமாகவே நடக்கிற காரியம். தூக்கப்படுகிறவனுடைய கழுத்தும் முதுகெலும்பும் அந்தக் கணத்தில் தூக்குகிறவனுடைய கையில் இருக்கின்றன. கை ஓர் அங்குலம் வழுக்கினால், கால் ஒரு கணம் முந்தினால், ஒருவன் ஆயுள் முழுதும் படுக்கையில் கிடக்க நேரிடும். ஆகவே எதிரியைப் போல் வேஷமிட்டு நிற்பவன் உண்மையில் நம் பிராணனைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும் காவலன். பார்க்கிறவர்களுக்கு அடி இடியாக விழ வேண்டும். வாங்குகிறவனுக்கோ பூவாக விழ வேண்டும். முப்பது வருஷங்களாகப் பிரெட் ஹார்ட் தம் கிரீடமாகக் கருதிச் சொல்லிவருவதும் இதைத்தான்: பட்டங்களைப்பற்றி அவர் பேசுவதைவிட, தம்மோடு மோதிய எவரையும் தாம் படுகாயப்படுத்தியதில்லை என்று சொல்லும்போதுதான் அவர் குரலில் பெருமிதம் அதிகம்.

அந்த வித்தை அவருக்குக் குலவித்தை. தகப்பனார் ஸ்டூ ஹார்ட் 1915-ல் கனடாவின் சஸ்கட்டூன் நகரில் பிறந்தவர். ஆல்பர்ட்டா மாகாணத்துப் புல்வெளியில், கூடாரம் ஒன்றில் குடியிருந்து குளிரையும் பசியையும் ஒருங்கே அனுபவித்த ஏழைக் குடும்பத்துப் பிள்ளை. எட்மன்டனில் மல்யுத்தம் பயின்று, 1940-ல் கனடாவின் அமெச்சூர் சாம்பியனாகி, ஒலிம்பிக்குக்குப் போக வேண்டிய தருணத்தில் உலகப் போர் மூண்டு அந்த ஒலிம்பிக்கே நின்றுபோயிற்று. கடற்படையில் சேவை செய்து, போர் முடிந்தபின் நியூயார்க்கில் தொழில்முறை மல்லராகி, அங்கே ஹெலன் ஸ்மித் என்ற பெண்மணியைக் கண்டு, 1947-ஆம் ஆண்டின் கடைசி நாளில் மணந்துகொண்டார். 1912 ஒலிம்பிக்கில் மாரத்தான் ஓடியவரின் மகள் அவர். புத்தகங்களிலும் நல்ல உரையாடலிலும் நாட்டமுள்ள அவருக்குக் குஸ்தித் தொழில் கடைசிவரை பிடிக்கவேயில்லை. பிடிக்காத அந்தத் தொழிலின் கணக்கு வழக்குகளை எழுதிக்கொண்டே பன்னிரண்டு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம், இந்தக் கதையில் உண்மையான பலசாலி யார் என்று எனக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது.

கால்கரி நகரில் ஒரு மேட்டின்மேல் 1951-ல் வாங்கிய பெரிய வீட்டில் அந்தக் குடும்பம் வாழ்ந்தது. எட்டு ஆண்கள், நான்கு பெண்கள். பிரெட் 1957-ல் எட்டாவதாகப் பிறந்தவர். ஆண்மக்கள் எண்மரும் ஏதேனும் ஒரு விதத்தில் கோதாவோடு சம்பந்தப்பட்டார்கள். பெண்மக்கள் நால்வரும் மல்லர்களையே மணந்தார்கள். ஸ்டூ நடத்திய ‘ஸ்டாம்பீட் ரெஸ்லிங்’ என்ற கம்பெனியில் ஆடவரும் பயில்வான்கள், ஊர் ஊராகச் செல்லும் நாடகக் கம்பெனி நடிகர்களைப் போல, அந்த வீட்டிலேயே வந்து புழங்குவார்கள். மல்யுத்தம் பழக்கப்பட்ட டெட் என்ற கரடியொன்று சில காலம் வீட்டின் அடியில் கட்டப்பட்டிருந்ததாம். சிறுவன் பிரெட் தன் கால்விரல்களில் ஐஸ்கிரீமைச் சொட்டவிட்டு அதை அந்தக் கரடி நக்கும்படி காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பானாம். இதைவிட விநோதமான பால்யத்தை நான் எந்தச் சரித்திரத்திலும் படித்ததில்லை.

வீட்டின் நிலவறையைத்தான் உலகம் ‘டஞ்சன்’ என்று பெயர்சொல்லிப் போற்றுகிறது. பாதாளச் சிறை என்று பொருள். தாழ்ந்த கூரை, தேய்ந்த மெத்தைகள், வியர்வை நாற்றம். வித்தை கற்க வந்த வாலிபர்களை ஸ்டூ அங்கே அழைத்துச் சென்று, தமக்குத் தெரிந்த நிஜமான பிடிகளைப் போட்டு அவர்கள் கதறும்வரை முறுக்குவார். அந்தக் கதறல் மாடியில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் குழந்தைகளுக்குக் கேட்கும். இது கொடுமையல்லவா என்று கேட்கலாம். ஓரளவு கொடுமைதான், அதை நான் மறைக்கப்போவதில்லை. ஆயினும், வலி எங்கே தொடங்குகிறது, எலும்பு எந்த இடத்தில் முறியும், அதற்கு ஒரு நூலிழை முன்னால் எப்படி நிறுத்துவது என்ற கணக்கை அந்தக் கிழவர் தம் விரல்நுனியில் வைத்திருந்தார். பிரெட்டுக்கோ அந்த நிலவறையில் வேறு இரண்டு ஆசான்களும் வாய்த்தார்கள். ஹிட்டோ, சகுராடா என்ற ஜப்பானிய மல்லர்கள் இருவர். கீழே விழுவது எப்படி, மற்றவனை விழவைப்பது எப்படி, இருவருக்கும் ஊறில்லாமல் இரண்டையும் செய்வது எப்படி என்பதை அவர்கள் மாதக்கணக்கில் பயிற்றுவித்தார்கள். சினிமா எடுக்கப் படிக்க வேண்டும் என்ற ஆசையோடு கல்லூரிக்குப் போன பையன், தகப்பனாருக்கு ஒத்தாசையாக நடுவர் வேலை பார்க்கப் போய், எழுபதுகளின் பிற்பகுதியில் தானே மல்லனாகிவிட்டான். கதை சொல்லும் ஆசை மட்டும் போகவில்லை. கேலிச்சித்திரம் வரைவார், பிற்காலத்தில் கால்கரி செய்தித்தாளொன்றில் பல வருஷங்கள் வாரந்தோறும் கட்டுரை எழுதினார். ஒரு பந்தயத்தில் எந்த இடத்தில் ரசிகர் மூச்சைப் பிடிக்க வேண்டும், எந்த இடத்தில் விட வேண்டும் என்று அவர் அமைத்த விதத்தில் அந்த ஆசைதான் வேலை செய்தது என்பது என் எண்ணம்.

1984-ல் ஸ்டூ தம் கம்பெனியை வின்ஸ் மக்மேனுக்கு விற்றுவிட, பிரெட் மக்மேனின் டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற மாபெரும் நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அக்காள் கணவர் ஜிம் நைட்ஹார்ட்டோடு ஜோடி சேர்ந்து ஆடிய வருஷங்களைப்பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தனியாக ஆடத் தொடங்கி, 1992 அக்டோபர் 12-ஆம் தேதி ரிக் ஃபிளேரை வென்று முதன்முறையாக உலகப் பட்டம் பெற்றார். அந்தப் பட்டம் அவருக்குக் கிடைத்த ஊர் சஸ்கட்டூன், அதாவது தகப்பனார் பிறந்த ஊர்.

ஆனால் அந்தப் பட்டத்துக்கு ஆறு வாரம் முந்திய ஒரு தோல்வியைத்தான் நான் அவருடைய மிகச்சிறந்த காரியமாகக் கருதுகிறேன். 1992 ஆகஸ்டு 29. லண்டன் வெம்பிளி மைதானம். 80,000 பேருக்கு மேல் திரண்டிருந்த கூட்டம். எதிரில் நிற்பவர் தங்கை டயானாவின் கணவர், இங்கிலாந்துக்காரரான டேவி பாய் ஸ்மித். சொந்த மண்ணில் டேவி வெல்ல வேண்டும், பிரெட் தோற்க வேண்டும் என்பது ஏற்பாடு. அன்று நடந்ததைப் பிரெட் தம் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார்: இருவரும் வகுத்து வைத்திருந்த பந்தயம் முழுவதையும், தொடங்கிய சில நிமிஷங்களிலேயே டேவி மறந்துவிட்டார். அத்தனை ஆயிரம் கண்களின் நடுவில், மூச்சு வாங்கிக்கொண்டு, அடுத்தது என்னவென்று தெரியாமல் திகைத்து நின்ற மைத்துனரை, அடுத்த இருபது நிமிஷங்களுக்கும் மேலாகப் பிரெட், பிடியில் இறுக்கும்போதும் கயிற்றில் சாய்க்கும்போதும் காதோடு காதாக வார்த்தை சொல்லி, ஒவ்வோர் அடியாக நடத்திச் சென்றார். கடைசியில் தோற்றும் கொடுத்தார். மறுநாள் உலகம் டேவியைக் கொண்டாடிற்று.

அந்தப் பந்தயத்தைச் சிறுவனாகப் பார்த்தபோது எனக்குப் பிரெட்மேல் கோபம்கூட வந்தது. இப்போது பார்க்கும்போது கண் அவர் உதடுகளையே தேடுகிறது. கூந்தல் முகத்தை மறைக்கும் தருணங்களில்தான் அவர் பேசியிருக்க வேண்டும் என்று ஊகித்துக்கொள்கிறேன். ஒப்பனையில் நிற்கும் கூத்தாடி பாட்டை மறந்துவிட்டால் பின்பாட்டுக்காரர் அடியெடுத்துக் கொடுப்பார். இங்கேயோ, அடித்துக்கொண்டும் அடிவாங்கிக்கொண்டும் இருக்கிற எதிராளியே அடியெடுத்துக் கொடுக்கிறார்.

கடைக்குட்டித் தம்பி ஓவனோடு ஆடிய பந்தயம் வேறொரு ரகம். 1994 மார்ச் 20-ஆம் தேதி நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், அண்ணன் புகழின் நிழலில் வெந்துகொண்டிருக்கும் தம்பியாக ஓவன் வேஷமிட்டார்; அண்ணனைச் சுத்தமாக வென்றுகாட்டினார். அதே இரவு பிரெட் பிறிதொரு பந்தயத்தில் யோகோசுனாவை வென்று உலகப் பட்டத்தை மீண்டும் அடைந்து, சக வீரர்களின் தோள்மேல் உயர்ந்து நிற்க, ஓவன் தொலைவில் நின்று வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பதோடு காட்சி முடிகிறது. எட்டு வயது மூத்த அண்ணனும் தம்பியும், நிலவறையில் விளையாட்டாகக் கட்டிப் புரண்ட அதே பிடிகளை உலகத்தின் முன் பகைமையின் வேஷத்தில் அரங்கேற்றினார்கள். அவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழும் வேகத்தைப் பார்த்தால், அவ்வளவு வேகத்தில் விழத் துணிவதற்கு எவ்வளவு நம்பிக்கை இருந்திருக்க வேண்டும் என்பது விளங்கும். அந்நியர் இருவர் அப்படி ஆட முடியாது.

இனி வருவது துரோகத்தின் கதை. 1996-ல் மக்மேனோடு இருபது வருஷ ஒப்பந்தம் செய்துகொண்ட பிரெட்டிடம், ஒரு வருஷத்துக்குள்ளேயே, அந்தத் தொகையைத் தம்மால் கொடுக்க இயலாது, போட்டிக் கம்பெனிக்குப் போய்விடலாம் என்று மக்மேன் சொன்னார். உலகப் பட்டம் அப்போது பிரெட்டிடம் இருந்தது. பட்டத்தை விட்டுக்கொடுக்க அவருக்கு ஆட்சேபமில்லை. ஆனால் சொந்த தேசமான கனடாவில், ‘உனக்காக நான் ஒருபோதும் தோற்கமாட்டேன்’ என்று தம் முகத்துக்கு நேரே சொல்லியிருந்த சக மல்லர் ஷான் மைக்கேல்ஸிடம் தோற்க மட்டும் மனம் ஒப்பவில்லை. தம்முடைய கடைசி நாட்களில் இத்தகைய விஷயங்களில் தம் சொல்லுக்கு இடமுண்டு என்று ஒப்பந்தத்திலும் எழுதியிருந்தது. முடிவில்லாமல் கலைவதாகப் பந்தயத்தை அமைப்பது என்று எல்லோரும் சம்மதித்தார்கள். நடுவர் எர்ல் ஹெப்னர் தம் குழந்தைகளின்மேல் ஆணையிட்டுப் பிரெட்டுக்கு வாக்குக் கொடுத்தார்.

1997 நவம்பர் 9, மான்ட்ரியல். பந்தயத்தின் நடுவே ஒரு கட்டத்தில், பிரெட்டின் பெயரோடு ஒட்டிப்போன ஷார்ப்ஷூட்டர் பிடியை மைக்கேல்ஸ் பிரெட்டுக்கே போட வேண்டும், பிரெட் அதிலிருந்து புரண்டு மீள வேண்டும் என்பது ஏற்பாடு. பிரெட் மல்லாந்து படுத்து, இரண்டு கால்களையும் மைக்கேல்ஸின் கையில் கொடுத்தார். பிடி விழுந்த அந்தக் கணத்தில், கோதாவின் ஓரத்தில் நின்ற மக்மேன் மணியை அடிக்கச் சொன்னார்; பிரெட் சரணடைந்ததாக ஹெப்னர் சைகை காட்டிவிட்டு ஓடினார். அன்றிரவு பிரெட் முதலாளியின் முகத்தில் உமிழ்ந்ததையும், உள்ளே போய் அவரை ஒரே குத்தில் வீழ்த்தியதையும் எல்லோரும் பேசுகிறார்கள். என்னை உறுத்துவது அவர்கள் தேர்ந்தெடுத்த கணம். நின்றுகொண்டிருந்தபோது ஏமாற்றியிருந்தால் அது வியாபாரத் தந்திரம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். இங்கே, ஒரு மனிதன் இந்தத் தொழிலின் ஆதாரமான நம்பிக்கையைக் கைக்கொண்டு, தன் உடம்பை எதிராளியிடம் ஒப்படைத்துப் படுத்திருந்தபோது, அந்த ஒப்படைப்பையே ஆயுதமாக்கினார்கள். கேவலம் ஒரு பெல்ட்டுக்காக, முடிவு நிச்சயிக்கப்பட்ட ஒரு விளையாட்டுக்காக இவ்வளவு மனஸ்தாபமா என்று கேட்பவர்கள் இந்த இடத்தைச் சற்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

பிரெட் போய்விட்டார், ஓவன் அங்கேயே இருந்தார். 1999 மே 23-ஆம் தேதி கான்சாஸ் சிட்டி அரங்கில், ரசிகர்களைச் சிரிக்கவைப்பதற்காக, முகமூடி அணிந்த வீரனாக ஓவனைக் கூரையிலிருந்து கயிற்றில் இறக்குவதாக ஏற்பாடு செய்தார்கள். சட்டென்று விடுபடும்படி அமைந்த கொக்கி உரிய நேரத்துக்கு முன்பே விடுபட்டுவிட்டது. ஏறக்குறைய 24 மீட்டர் உயரத்திலிருந்து ஓவன் கோதாவில் விழுந்தார். வயது 34, மனைவியும் இரண்டு குழந்தைகளும் வீட்டில் இருந்தார்கள். அவர் உடலை எடுத்துச் சென்றபின் அன்றைய நிகழ்ச்சியை நிறுத்தாமல் தொடர்ந்து நடத்தினார்கள். இதைப்பற்றி மேலும் எழுத என் கை வரவில்லை. வழக்கு நடந்தது, பெருந்தொகை கொடுத்து முடித்தார்கள், அந்தப் பெரிய வீட்டுக் குடும்பம் அந்த வழக்கினாலேயே இரண்டாகப் பிளந்தது என்பவற்றை மட்டும் குறிப்பிட்டு நிறுத்துகிறேன்.

அதே வருஷம் டிசம்பர் 19-ஆம் தேதி, வாஷிங்டனில், புதுக் கம்பெனியின் நட்சத்திரமான கோல்ட்பர்க் ஓங்கி விட்ட உதை ஒன்று, விழ வேண்டிய விதத்தில் விழாமல் பிரெட்டின் தலையை நேராகத் தாக்கிற்று. மூளை அதிர்ச்சி. என்ன நேர்ந்ததென்று முழுதும் விளங்காமலே மேலும் சில வாரங்கள் ஆடினார், பிறகு முடியவில்லை, 2000-ல் ஓய்வு பெற்றார். கோல்ட்பர்க் கொடியவரல்ல, வேண்டுமென்று செய்யவில்லை என்று பலமுறை வருந்திச் சொல்லியிருக்கிறார். பிரெட் இன்றுவரை அதைப்பற்றிக் கசந்து பேசுவதை, ‘இன்னுமா புலம்புகிறார்’ என்று பலர் எள்ளுவதைக் காண்கிறேன். எனக்கு அது புலம்பலாகத் தோன்றவில்லை. ஆயிரக்கணக்கான இரவுகளில் ஆயிரக்கணக்கான உடம்புகளைத் தூக்கி, ஒன்றையும் உடைக்காமல் இறக்கிவைத்த ஒருவர், தம் உடம்பை ஒரே ஒருவர் கவனக்குறைவாக உடைத்துவிட்டதைச் சொல்லிக் குமுறினால், அந்தக் குமுறலுக்கு அவரைவிட உரிமையுள்ளவர் யார்? நாற்பது வருஷம் சிந்தாமல் எண்ணெய் அளந்த செக்கார் ஒருவரின் குடத்தை வேறொருவர் தட்டிவிட்டால், அவர் எண்ணெயின் விலையையா நினைத்து அழுவார்?

2001-ல் தாயார் மறைந்தார். 2002 மே மாதம் டேவி பாய் இறந்தார். மறுமாதம் 24-ஆம் தேதி, கால்கரியில் சைக்கிளில் சென்ற பிரெட் பள்ளத்தில் இடறி விழுந்து, பக்கவாதம் கண்டு, இடப்பக்கம் முழுவதும் செயலிழந்து கிடந்தார். நடக்கவும் கையை மடக்கவும் மறுபடி கற்றுக்கொண்டார். அந்தக் கற்றலின் நடுவே, 2003 அக்டோபரில், 88 வயதில் ஸ்டூவும் போய்ச் சேர்ந்தார். அக்காள் மகள் நடாலியா அந்த நிலவறையின் வித்தையைப் பின்னாளில் கோதாவுக்கு எடுத்துச் சென்றார் என்பது ஓர் ஆறுதல்.

2010 ஜனவரி 4-ஆம் தேதி, பன்னிரண்டு வருஷங்களுக்குப் பிறகு, பிரெட் ஹார்ட் மக்மேனின் கோதாவில் மீண்டும் ஏறினார். பக்கவாதம் கண்ட உடம்பு; தலையில் இன்னோர் அடி விழக் கூடாத நிலைமை. ஷான் மைக்கேல்ஸை அவரே பெயர் சொல்லி அழைத்தார். மைக்கேல்ஸ் பெயர்பெற்றது, கண்ணிமைக்குமுன் காலை உயர்த்தி எதிராளியின் தாடையில் விடும் உதைக்காக. அந்த உதை எப்போது வருமோ என்று அரங்கம் முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. இருவரும் மான்ட்ரியலைப்பற்றிச் சற்றுநேரம் பேசினார்கள். பிறகு பிரெட், அந்தக் காலுக்கு எட்டும் தூரத்தில் நின்றபடியே, கையை நீட்டினார். மைக்கேல்ஸ் அதைப் பற்றிக்கொண்டார்.